ஹார்லாக்கா, கோப்ராவா? இரண்டு விண்வெளிக் கொள்ளையர்கள்

விண்வெளிக் கொள்ளையன் என்றாலே மண்டையோட்டுக் கொடி, கண்மறைப்பு, தனிக் கப்பல் எனக் கடற்கொள்ளையனின் சாமான்கள்தான் நினைவுக்கு வரும். மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையில் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இருவர் இந்த வார்ப்பை எதிரெதிர்த் திசைகளில் வளைத்தார்கள்: லெய்ஜி மட்சுமோட்டோவின் கேப்டன் ஹார்லாக் (1977), புயிச்சி டெராசாவாவின் கோப்ரா (1978).

ஹார்லாக்கிடம் கொடியும் கண்மறைப்பும் அப்படியே இருக்கின்றன. கொள்ளைதான் பின்னுக்குப் போய்விடுகிறது. கதை நடப்பது 2977இல். பூமியின் மக்கள் சொகுசில் சோம்பிக் கிடக்கிறார்கள். மசோன் என்ற தாவர இனம் படையெடுத்து வருகிறது. அரசோ அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தன்னைக் குற்றவாளி என்று துரத்தும் அந்தப் பூமிக்காகவே ஹார்லாக் போரிடுகிறார். இறந்துபோன நண்பன் டோச்சிரோவின் ஆன்மா ஆர்கேடியா கப்பலின் கணினியில் குடியிருக்கிறது. ஒரு கப்பலுக்கு இதைவிட நெகிழ்ச்சியான உயிர் கொடுக்க முடியுமா?

கோப்ரா வேறு ரகம். முகத்தை மாற்றி, நினைவை அழித்துவிட்டு ஒளிந்து வாழ்ந்தவன். இடக்கைக்குள் சைக்கோகன் என்ற துப்பாக்கி, வாயில் சுருட்டு, பக்கத்தில் லேடி என்ற இயந்திரத் தோழி. அவனுடைய பெரிய எதிரியே கொள்ளையர் சங்கம்தான். வேகமும் குறும்பும் கோப்ராவில் அதிகம். பெண்களை வரைந்த விதம் மட்டும் இன்று உறுத்துகிறது.

ஒரு மாலைப்பொழுதுக்குக் கோப்ரா போதும். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது ஹார்லாக்கிடம்தான்.