சீனி இல்லாத மெரிங்: நாலு மாரி பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் மெரிங் என்பது, ரவையும் கஜுவும் போட்டுச் செய்யும் லவ் கேக்கின் மிச்சம். மார்கழியில் அம்மா லவ் கேக் அடிப்பார். அதற்கு மஞ்சள் கருதான் கூடப் போகும், வெள்ளைக்கரு ஒரு பெரிய கோப்பை நிறைய மிஞ்சும். அதில் சீனி போட்டு அடித்து, தட்டில் சின்னச் சின்னதாகப் பிழிந்து, சூடு தணிந்த அவனுக்குள் (ஓவன்) இரவு முழுக்க வைத்துவிடுவார். விடிந்ததும் நாங்கள் பல் தீட்ட முன்னமே போய்க் கதவைத் திறப்போம்.

2021 இல் அம்மாவுக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு, என்று உறுதியானது. அந்த மார்கழியும் கேக் அடித்தார், மெரிங் போட்டார், எங்களுக்கு எடுத்து நீட்டினார். தன் விரலில் ஒட்டிய நுரையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த அன்றுதான் சீனிக்குப் பதிலாக வேறொன்றை வைத்து இதைச் செய்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன். நாலு மாரி கடந்துவிட்டது. எது சரிவந்தது, எது வரவில்லை என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் கையில் கிடைத்தது சீனித்துளசிச் சொட்டு, அதாவது ஸ்டீவியா. அதில் உள்ள இனிப்புப் பொருள் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. எனவே மூன்று முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் பத்துச் சொட்டே போதும் என்று போட்டேன். நுரை பொங்கி எழுந்தது. ஆனால் சவர்க்கார நுரை போலப் பாரமே இல்லாத நுரை. அவனுக்குள் போய் அரை மணித்தியாலத்தில் சுருங்கி, தட்டில் ஒட்டிய தோலாக வந்தது. பிளந்து பார்த்தால் அவித்த முட்டை வாசம்.

அப்போதுதான் மெரிங்கில் சீனி என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சீனி அந்தத் தண்ணீரில் கரைந்து பாகாகி, குமிழிகளின் சுவரைத் தடிப்பாக்குகிறது, தண்ணீர் வடியவிடாமல் பிடிக்கிறது. சூட்டில் புரதம் அவசரப்பட்டு இறுகாமல் தாமதப்படுத்துகிறது. காய்ந்த பிறகு கண்ணாடி போல இறுகி, கடிக்கும்போது அந்த நொறுங்கலைத் தருவதும் அதுதான். இனிப்பு அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. எனவே சொட்டோ, தேநீருக்குப் போடும் வில்லையோ இதற்கு உதவாது. நிறையும் கனமும் உள்ள பொருள் வேண்டும்.

ஊரில் பலர் சொன்ன யோசனை பனங்கட்டி, அதாவது பனைவெல்லம். பனையோலைக் குட்டானில் வரும் பனங்கட்டிக்கு ஈடான மணம் வேறெதற்கும் இல்லை, எனக்கும் அது உயிர். ஆனால் அதிலும் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். சலரோகக்காரருக்கு அது சீனிக்கு மாற்று ஆகாது. இதைப் பார்க்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து சைலிட்டோல், சீனி போலவே தூளாக வரும் ஒரு மாற்று இனிப்பு. கனடாவில் இருந்து வந்த மச்சாள் ஒரு பைக்கட் கொண்டுவந்து தந்தார். இனிப்பு சீனியின் அளவேதான், எனவே அதே நிறையில் போட்டேன். அடிக்கும்போது பளபளவென்று அழகாக வந்தது. ஆனால் மூன்று மணித்தியாலம் வைத்தும் காயவில்லை, பல்லில் ஒட்டும் பதத்திலேயே நின்றது. நாலு துண்டு சாப்பிட்ட தம்பிக்கு வயிற்றால் போனது. இன்னொன்று மிக முக்கியம்: நாய்க்குச் சைலிட்டோல் நஞ்சு. அதன் உடலில் இன்சுலின் சட்டென்று கூடி, இரத்தத்தில் சீனி விழுந்து உயிரே போகலாம். எங்கள் முற்றத்தில் எந்நேரமும் நாய் படுத்திருக்கும். மிச்சப் பைக்கட்டை அன்றே அப்புறப்படுத்தினேன்.

கடைசியில் நிலைத்தது எரித்ரிட்டோல், சைலிட்டோல் வகையைச் சேர்ந்த இன்னொரு இனிப்பு. இதன் இனிப்பு சீனியின் 60 முதல் 70 வீதம். ஒரு கிராமில் 0.2 கலோரி, சீனியில் 4. உடலுக்குள் போனதில் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரோடு போய்விடுவதால் சைலிட்டோல் அளவுக்கு வயிற்றைக் குழப்புவதில்லை. ஆனால் இதற்கும் ஒரு குணம் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும். கட்டியாக உள்ளதை அப்படியே போட்டால் மெரிங் மணல் கடிக்கும். சூடாக்கிக் கரைக்கும் சுவிஸ் முறையையும் செய்து பார்த்தேன். கரைந்தது உண்மை, ஆனால் ஆறியதும் திரும்பப் பளிங்காகிவிட்டது. பாகு காய்ச்சி ஊற்றும் முறை இன்னும் மோசம், பாகு நுரையில் விழ முன்னமே கட்டிபட்டது.

இப்போது செய்வது இதுதான். மிக்சியில் பவுடராக அரைத்து, மெல்லிய துணியால் அரிக்கிறேன். அரைத்து முடிந்ததும் மூடியைச் சட்டென்று திறப்பதில்லை, தூள் மூக்கில் ஏறும். வெள்ளைக்கரு 95 கிராம், அதாவது மூன்று முட்டை. பவுடர் 120 கிராம். தேசிக்காய்ப்புளி அரைத் தேக்கரண்டி. கோப்பையை முதலில் வெட்டிய தேசிக்காயால் துடைப்பேன். எண்ணெய்ப் பசையோ ஒரு சொட்டு மஞ்சள் கருவோ இருந்தால் நுரை சரியாக எழாது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்ததும் மஞ்சளைப் பிரித்துவிட்டு, வெள்ளையை அரை மணித்தியாலம் வெளியே வைப்பேன். நம்மூர்ச் சூட்டுக்கு அது தாராளம். நுரை மெதுவாக வளையும் பதத்துக்கு வந்ததும் பவுடரைக் கரண்டி கரண்டியாகப் போடுவேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கொஞ்ச நுரையை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் மா போல வழுக்க வேண்டும், நறநறக்கக் கூடாது. சீனி மெரிங்கின் பளபளப்பு இதில் வராது. நுரை சுண்ணாம்பு பூசிய சுவர் போல மங்கலாகவே இருக்கும், அது பிழையில்லை.

அவனில் 100 பாகை செல்சியஸ், ஒன்றேமுக்கால் மணித்தியாலம். பிறகு நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் ஆறவிட வேண்டும். எங்கள் அவனின் முள்ளை நம்பி மூன்று முறை ஏமாந்தபின் உள்ளே வைக்கும் தனி வெப்பமானி ஒன்று வாங்கினேன். எரித்ரிட்டோல் மெரிங் நிறம் மாறாது, சீனியைப் போலக் கருகிப் பொன்னிறமாகாது. எனவே நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. தாளில் இருந்து சுத்தமாகக் கழன்று வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

2022 பங்குனிக் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஒருநாள் தட்டு உள்ளே போய் நாற்பது நிமிடத்தில் கரண்ட் போனது. நடு ஈரமாக நின்றதை இரவு கரண்ட் வந்ததும் திரும்பக் காயவைத்தேன். மொறுமொறுவென்று மீண்டுவிட்டது! சீனியில் செய்தது அப்படி நடுவில் நின்றால் அடியில் பாகு கசிந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

என்னை இதனோடு கட்டிப்போட்டது மாரிகாலம்தான். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது, உப்புச் சாடியே நீர்விடும். சீனி மெரிங் ரின்னைத் திறந்து வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் பிசுபிசுக்கும். எரித்ரிட்டோல் காற்றில் உள்ள ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை. பிஸ்கட் ரின்னில் போட்டு இறுக்கி மூடினால் மழைக்குள்ளும் பத்து நாள் நொறுங்கும் பதம் போகாது. எங்கள் ஊருக்கு இது சீனியைவிடப் பொருந்துகிறது என்று தயங்காமல் சொல்வேன்.

குறை, அந்தக் குளிர்ச்சி. எரித்ரிட்டோல் வாயில் கரையும்போது நாக்கின் சூட்டை எடுத்துக்கொள்ளும். முதல் துண்டை வைத்த அம்மா, “என்ன பிள்ளை, கற்பூரம் வைச்ச மாதிரிக் குளிருது” என்றார். வனிலா போட்டால் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கோப்பித்தூள், தேசிக்காய்த் தோல் எல்லாம் பார்த்தபின் வழி கிடைத்தது வேர்க்கொம்பில், அதாவது சுக்கில். கால் தேக்கரண்டி வேர்க்கொம்புத் தூளும் இரண்டு ஏலக்காயும். வேர்க்கொம்பின் காரம் பின்னால் வந்து குளிர்ச்சியைத் தணித்துவிடும். இப்போது வீட்டில் வேறு மணம் கேட்பதே இல்லை.

அம்மாவின் இரத்தச் சீனி அளவைச் சொல்கிறேன். இரண்டு துண்டு சாப்பிட முன் 118, இரண்டு மணித்தியாலம் கழித்து 121. பல நாள் பார்த்தும் பெரிய ஏற்றம் இல்லை. ஒரு துண்டில் ஏறக்குறைய 3 கிராம் எரித்ரிட்டோல் இருக்கும். ஆனாலும் நாளுக்கு இரண்டுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. 2023 இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வொன்று, இரத்தத்தில் எரித்ரிட்டோல் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் காட்டியது. உடலும் தானாகவே எரித்ரிட்டோலை உண்டாக்கும் என்பதால், சாப்பிட்டதுதான் காரணம் என்று அந்தத் தொடர்பை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. அம்மாவின் வைத்தியரிடம் கேட்டோம், இடைக்கிடை அளவாக என்றார். இதய வருத்தம் உள்ளவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

விலை சீனியைவிடப் பல மடங்கு. வெளிநாட்டில் இருந்து யாராவது வந்தால் இரண்டு கிலோ சொல்லிவிடுவேன், ஒரு வருடத்துக்கு அது காணும்.

பாவ்லோவா, அதாவது கேக் போலப் பெரிதாகச் செய்யும் மெரிங், மட்டும் இன்னும் கைகூடவில்லை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு என்று இருக்கவேண்டியது, எரித்ரிட்டோலில் நடுவிலும் வறண்டு, வெட்டும்போது சில்லுச் சில்லாகப் போகிறது. ஐந்து முறை செய்தேன், ஐந்தும் அப்படித்தான். தம்பியின் பிறந்தநாளுக்கு அதைச் சீனியில் செய்து, பக்கத்தில் அம்மாவுக்கென்று வேர்க்கொம்பு மெரிங் ஒரு தட்டு வைக்கிறேன்.