புது லேப்டாப்: சார்ஜர்லயே போட்டு வைக்கலாமா, கழட்டி கழட்டி யூஸ் பண்ணலாமா?

முதல் லேப்டாப் வாங்குன எல்லாரும் கேக்குற கேள்வி இது, ரெண்டையும் பாத்துடுவோம்.

பேட்டரி ஆயுள்: சார்ஜர்லயே வச்சா சைக்கிள் (மொத்தமா 100% சார்ஜ் செலவாகுற ஒரு சுத்து, இது ஏற ஏற பேட்டரி தேயும்) ஏறாது, ஆனா எப்பவும் 100%ல நின்னா, அதோட சூடும் சேந்தா, பேட்டரிக்குள்ள இருக்குற லித்தியம் அயான் செல் சீக்கிரம் கெட்டுரும். அதனால 80% லிமிட் (அதுக்கு மேல சார்ஜ் ஏறாம நிறுத்துற செட்டிங்) போட்டே ஆகணும், லெனோவோன்னா வான்டேஜ் ஆப், ஆசுஸ்னா மைஆசுஸ் ஆப், வாங்குன அன்னைக்கே ஆன் பண்ணிடுங்க ப்ளீஸ்.
கழட்டி யூஸ் பண்ணா சைக்கிள் ஏறும். 50% ரெண்டு தடவ செலவானா ஒரு சைக்கிள், 20%க்கு கீழ போகாம பாத்துக்கோங்க.

வசதி: கழட்டுறது காலேஜுக்கு சூப்பர். வீட்லன்னா சார்ஜர் தான், பாதி வேலைல ஆஃப் ஆகாது.

சூடு: ரெண்டுக்கும் ஒரே எதிரி, மெத்தை மேல வச்சா காத்து போற ஓட்டை அடைச்சுக்கும். மே மாச வெயில்ல பூட்டுன கார்லயும் வைக்காதீங்க.

முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ் போடணும்னு கடைல சொல்வாங்க, அது பழைய நிக்கல் பேட்டரி காலத்து கதை, தேவையே இல்ல.

டேபிள்ல வச்சே வேல பாக்குறவங்களுக்கு 80% லிமிட்டோட சார்ஜர், கேமிங்னாலும் அதே தான். தினமும் தூக்கிட்டு அலையுற ஸ்டூடண்ட்ஸுக்கு கழட்டி யூஸ் பண்றது தான். வெளியூர் போற அன்னைக்கு மட்டும் லிமிட்ட எடுத்துட்டு ஃபுல் சார்ஜ் போட்டுக்கோங்க.