டிடியா, டிசி3டிடியா?

சாட்சியமாக வந்த ஹார்டு டிஸ்க்கை லினக்ஸ் டெர்மினலில் இமேஜ் எடுக்க (அதாவது பிட் பிட்டாக முழு நகல் எடுக்க) டிடி (dd), டிசி3டிடி (dc3dd) என்ற இரண்டு கட்டளைகளில் எதைப் பிடிப்பது என்று குழம்புகிறவர்களுக்காக.

கிடைப்பது: டிடி எல்லா லினக்ஸிலும் இருக்கும். டிசி3டிடியைப் பெரும்பாலும் தனியாக நிறுவ வேண்டும். இரண்டும் இலவசம்.

ஹாஷ் (தகவல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்): இங்கேதான் பெரிய வித்தியாசம். டிடி நகலெடுக்கும், அவ்வளவுதான். பிறகு ஷா256 (ஒரு வகை ஹாஷ்) பார்க்க மூல டிஸ்க்கையும் இமேஜையும் மறுபடி முழுசாகப் படிக்கணும்; 2 டிபி என்றால் அன்றைய பொழுது போச்சு. டிசி3டிடியோ, ஹாஷ், லாக் விருப்பங்களைக் கொடுத்தால், நகலெடுக்கும்போதே ஹாஷ் கணக்கிட்டு லாக் கோப்பில் எழுதிவிடும்.

கெட்ட செக்டார் (டிஸ்க்கில் படிக்க முடியாமல் போன சிறு பகுதி): டிடி முதல் பிழையிலேயே நின்றுவிடும். 'நோஎரர், சிங்க்' (conv=noerror,sync) என்ற விருப்பங்களைச் சேர்த்தால் தொடரும். ஆனால் ஒரு தடவையில் படிக்கும் பிளாக் அளவை 4 எம்பி என்று வைத்திருந்தால், ஒரு 512 பைட் செக்டாருக்காகப் பக்கத்திலிருக்கும் நல்ல தகவலும் பூஜ்ஜியமாகலாம். டிசி3டிடி கெட்ட செக்டாரை மட்டும் பூஜ்ஜியத்தால் நிரப்பும்.

ஆபத்து: சமம். உள்ளீடும் வெளியீடும் இடம் மாறினால் சாட்சியம் காலி. (நான் காலி செய்தது நல்லவேளையாக ஒரு பென்டிரைவ்.) ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் தொடாதீர்கள்.

பழகுவதற்கும் சொந்த பேக்கப்புக்கும் டிடி போதும். கோர்ட்டுக்குப் போகிற டிஸ்க் என்றால் டிசி3டிடி. சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு இரண்டுமே வேண்டாம், பழுதான டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூவைத் (ddrescue) தேடுங்கள்.