ஏடிஹெச்டி குழந்தைக்குச் சத்துப் பரிசோதனை: நாலு சோதனை போதுமா, பெரிய பேக்கேஜ் வேண்டுமா?

குழந்தைக்கு ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) என்று உறுதியானதும், "சத்துக் குறைபாடு இருக்கா பாருங்க" என்று சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பார்க்க வேண்டியதுதான். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் குழப்பம். டாக்டர் எழுதித் தரும் மூன்று நான்கு ரத்தச் சோதனைகள் ஒரு வழி. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, வைட்டமின், தாது என்று எல்லாவற்றையும் அளந்து தரும் பேக்கேஜ் இன்னொரு வழி. முடியைக் கத்தரித்து அனுப்பும் தாதுப் பரிசோதனையும் இருக்கிறது. எங்கள் மகனுக்கு முதல் வழியில் போனோம். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

இவற்றில் எதுவும் ஏடிஹெச்டி இருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்லாது. மருந்துக்கோ நடத்தைப் பயிற்சிக்கோ மாற்றும் ஆகாது.

முடிப் பரிசோதனையை நாங்கள் செய்து பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு லேப்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. 12 தாதுக்களில் லேபுக்கு லேப் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தது. அதைப் படித்த பிறகு அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை.

டாக்டர் எங்களுக்கு எழுதியது: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி. இதில் ஃபெரிட்டின்தான் முக்கியம். உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் அது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் அடிமட்டத்துக்குப் போயிருக்கலாம். கவனத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக உதவும் நொதிக்கு இரும்பு வேண்டும். ஏடிஹெச்டியோடு இதைச் சேர்த்துப் பேசுவது அதனால்தான். பிரான்சில் 2004இல் வந்த ஆய்வில் ஏடிஹெச்டி உள்ள 53 குழந்தைகளின் சராசரி ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 23 நானோகிராம்; ஒப்பிட்டுப் பார்த்த மற்றக் குழந்தைகளுக்கு 44. அதே குழு 2008இல், ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்த 23 குழந்தைகளை வைத்து 12 வாரம் சோதித்தது. இரும்பு கொடுத்தவர்களுக்கு ஒரு மதிப்பீட்டில் நல்ல முன்னேற்றம். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய படிவங்களில் அது உறுதியாகவில்லை. சின்ன ஆய்வு, பெரிதாக நம்பிக்கை வைக்க முடியாது. ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து வேறு பசியைக் குறைக்கும். நம் ஊரில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது, ரிப்போர்ட் வந்த பிறகு என்ன செய்ய முடியும், அதைத் திரும்ப எடுத்துச் சரிபார்க்க முடியுமா என்பதுதான். ஃபெரிட்டின் குறைவு என்றால் டாக்டர் இரும்பு சிரப் தருவார். பாலோடும் டீயோடும் சேர்க்காமல் கொடுத்து, சில மாதம் கழித்து அதே லேபில் அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் போதும், ஏறியதா என்று தெரிந்துவிடும். பேக்கேஜில் செலினியம், காப்பர், ஜிங்க் என்று ஏதாவது ஒன்று சிவப்பு எழுத்தில் வந்தே தீரும். ரத்தத்தில் ஜிங்க் அளவு காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று மாறுகிறது. அதை நம்பி எந்த மாத்திரையை எத்தனை நாள் கொடுப்பது? மறுபடி பார்க்க முழுப் பேக்கேஜுக்கும் பணம் கட்ட வேண்டும்.

தாளில் அச்சிட்ட 'நார்மல்' அளவை மட்டும் வைத்தும் முடிவெடுக்க முடியாது. ஃபெரிட்டின் 20 என்றால் பல லேப் தாள்களில் நார்மல். ஆனால் இரவில் காலை உதைத்துக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு 50க்குக் கீழே இருந்தாலே இரும்பு தரலாம் என்கிறது 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' எனப்படும் அந்தக் கால் கோளாறுக்கான மருத்துவ வழிகாட்டுதல். ரத்தச் சிவப்பணு சிறியதாக இருந்து ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறாக இருக்கலாம். அதற்கு இரும்பு உதவாது. இதையெல்லாம் படித்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். அதனால் சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பாட்டிலையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். அளவு மீறினால் இரும்பு விஷம்.

எங்கள் மகனுக்கு ஃபெரிட்டின் குறைவாகத்தான் இருந்தது. ஏறிய பிறகு தூக்கத்தில் கால் உதைப்பது நன்றாகக் குறைந்தது. வகுப்பில் கவனம் கூடியது இதனால்தானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் மருந்தின் அளவும் மாறியிருந்தது.

பேக்கேஜுக்கும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு மூன்று உணவைத் தவிர எதையும் தொடாத குழந்தைக்கு விரிவாகப் பார்ப்பது தேவைப்படலாம். எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. அந்த முடிவு டாக்டரோடு பேசி எடுக்க வேண்டியது.

சோதனைக்குப் போகும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ரத்தசோகை என்றதும் சீட்டில் ஹீமோகுளோபின் மட்டும் எழுதிவிடுவது உண்டு. ஃபெரிட்டினையும், கூடவே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பியையும் சேர்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் ஃபெரிட்டின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், குறைபாடு மறைந்துவிடும். எங்கள் மகனுக்குச் சளி பிடித்திருந்ததால் டாக்டர் தேதியையே தள்ளிவைத்தார்.