அஞ்சு விதமான வயிறு, ஒரே காரைக்குடி: மெஸ்ஸா, பங்களாவா, ஹைவே ஹோட்டலா, சொல்லிச் செய்யுற சமையலா?

போன வைகாசில படைப்புக்கு (முன்னோர்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடறது) எங்க வீட்ல பதினோரு பேர் கூடிட்டோம், நாலு நாள் இருந்தாக எல்லாரும். அப்பச்சி (எங்க அப்பா) சுத்த சைவம், முட்டை வாடை பட்டாலே இலையை விட்டு எந்திரிச்சுருவாக. ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) ரொம்ப வருசமா சுகர். எங்க ஆச்சி மகனுக்கு (அக்காவை நாங்க ஆச்சின்னுதான் கூப்பிடுவோம்) ஒம்போது வயசு, அவனுக்கு சீலியாக், அதாவது கோதுமை ஒரு சிட்டிகை உள்ள போனாலும் அவன் உடம்பே அவன் குடலைத் தாக்கிரும், அலர்ஜி மாத்திரை போட்டா சரியாப் போற விசயம் கிடையாது. தம்பி கூட பெங்களூர்ல வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு வந்திருந்துச்சு, வீகன், பால் தயிர் நெய் தேன் எதுவும் தொடாது. மத்தவுகளுக்கெல்லாம் நாட்டுக்கோழியும் உப்புக்கறியும் வேணும், காரைக்குடிக்கு வந்துட்டு அது இல்லாம எப்படி.

படைப்பு அன்னைக்கு வீட்டுச் சாப்பாடு. மத்த நாளெல்லாம் வெளிய. அந்த மூணு நாள்ல பட்டதையும் அதுக்கு அப்புறம் நான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன், ஏன்னா இந்த மாதிரி குடும்பம் இப்ப எல்லா வீட்லயும் இருக்கு, எந்த ஹோட்டல் நல்லாருக்கும்னு கேட்டா எல்லாரும் ருசியை மட்டும்தான் சொல்றாங்க.

மொதல்ல ஹைவே ஓரத்து பெரிய சைவ ஹோட்டல். 'உயர்தர சைவம்'னு போர்டு, ஏசி ஹால், எட்டுப் பக்கத்துக்கு மெனு கார்டு, கார் நிறுத்த இடம், சுத்தமான பாத்ரூம். அப்பச்சிக்கு இது போதும், மனசு நிம்மதியா உக்காந்துட்டாக. ஆனா மத்த மூணு பேருக்கும் அந்த எட்டுப் பக்கம்தான் எதிரி. மெனு நீளமா இருந்தா அடுப்படில பரோட்டாவும் ரவா தோசையும் கோபி மஞ்சூரியனும் ஒரே கல்லு, ஒரே எண்ணெய்ச் சட்டினு அர்த்தம். ஆச்சி சப்ளையர் தம்பியைக் கூப்பிட்டு இதுல கோதுமை இருக்கானு கேட்டாக. அந்தத் தம்பி ரொம்ப மரியாதையா, "இல்லங்கம்மா, கோதுமையே கிடையாது, எல்லாம் மைதாதான்"னு சொன்னுச்சு. பொய் சொல்லணும்னு சொல்லல, மைதாவும் கோதுமைல இருந்துதான் வருதுன்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான். ரவை, சேமியா, மைதா எல்லாமே கோதுமைங்கறது நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. பையனுக்கு இட்லி மட்டும் போதும்னு வாங்குனோம், சாம்பார் ஊத்திட்டாக, ராத்திரி பூரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தான். ஆச்சி தூங்கவே இல்ல.

அந்த சாம்பார்ல என்ன இருந்திருக்கும்னு எனக்கு மறுநாள் ஒரு மெஸ்லதான் புரிஞ்சுச்சு.

மெஸ்னா பெருசா ஒண்ணும் இல்ல, வீட்டு முன் ரூம்ல எட்டு டேபிள், பின்கட்டுல அடுப்பு, கல்லால உக்காந்திருக்கற அக்காவே சமையலும் பாக்குறாக. மெனு கார்டே கிடையாது, இலையைப் போட்டு சோறு, கூட்டு, பொரியல், ரெண்டு குழம்பு, ரசம், மோர், அப்புறம் ஒரு பெரிய தட்டுல கிண்ணம் கிண்ணமா மீன் வறுவல், நண்டு, காடை, சுக்கானு கொண்டாந்து காட்டுவாக, வேணுங்கறதை எடுத்துக்கலாம். நான் விசயத்தைச் சொன்னதும் அந்த அக்கா, "நீங்களே வந்து பாருங்க"ன்னு அடுப்படிக்கே கூட்டிப் போயிட்டாக. அங்க செல்ஃபுல இருந்த பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாத்தேன், பின்னாடி பொடி எழுத்துல கோதுமை மாவு, கம் அரபிக், அப்புறம்தான் பெருங்காயம். நம்ம கடைல கிடைக்கற பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான், தூளோ கட்டியோ, மாவு கலந்துதான் வருது, சில கம்பெனி அரிசி மாவு போடுறாங்க, பல பேர் கோதுமை மாவு. அதை ரசத்துல, சாம்பார்ல, மோர்ல, கூட்டுல எல்லாத்துலயும் தட்டிப் போடுறோம். அரிசிச் சாப்பாடுதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறது எவ்வளவு தப்புன்னு அந்த டப்பாவைக் கைல வச்சுக்கிட்டு நின்னப்பதான் தெரிஞ்சுச்சு.

அந்த அக்கா அன்னைக்குப் பையனுக்கு வெறும் சோத்துல நல்லெண்ணெய் ஊத்தி, பெருங்காயம் போடாத புளிக்குழம்பை (அது எப்பவுமே பூண்டு வெங்காயம் போட்டுத்தான் வைப்பாகளாம்) தனிக் கரண்டில ஊத்துனாக, வறுவல் வேணாம்னு அவகளே சொன்னாக, ஏன்னா சிக்கன் 65க்கு மைதா கலந்து பொரிச்ச எண்ணெய்லதான் மீனும் பொரியுதாம். கேக்காமலே சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அங்க மறுபடி போவேன்.

சுகர்காரங்களுக்கும் மெஸ் நம்ம நினைக்கற அளவுக்கு மோசம் இல்ல. சோத்தைக் குமிச்சு வைப்பாக, அது உண்மை. ஆனா கீரை, கூட்டு, பொரியல் ரெண்டாவது மூணாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாக, அதை முதல்ல சாப்பிட்டு முடிச்சு, மீனோ முட்டையோ ஒண்ணு எடுத்துட்டு, கடைசில ரெண்டு கரண்டி சோறு. காய்கறியும் புரதமும் முன்னாடி, சோறு பின்னாடினு சாப்பிட்டா சுகர் ஏறுற வேகம் குறையும்னு டாக்டர்களே சொல்றாங்க, ஆத்தா அப்படித்தான் சாப்பிட்டாக. ஹைவே ஹோட்டல்ல பொரியல் ஒரு குட்டிக் கிண்ணம், அதுக்கு மேல கேட்டா பில்லு.

மெஸ் தோக்குற இடம் அப்பச்சிதான். ஒரே அடுப்படி, அடுத்த டேபிள்ல நண்டு உடைக்கற சத்தம், அவுக வாசல்லயே நின்னுட்டாக. அதைத் தப்புன்னு சொல்ல முடியாது, பல வருசப் பழக்கம், அவுகளை வற்புறுத்தி உள்ள உக்கார வைக்கறது சாப்பாடே ஆகாது.

அடுத்து பங்களா டைப். காரைக்குடில தேவகோட்டை ரோட்டுல இருக்கற தி பங்களா, கானாடுகாத்தான்ல விசாலம் மாதிரி பழைய செட்டிநாட்டு வீடுகள்ல நடக்கற ஹோட்டல்கள். இங்க நினைச்ச நேரத்துக்குப் போய் உக்கார முடியாது, முன்னாடியே சொல்லி வைக்கணும். நிறையப் பேருக்கு அது ஒரு குறையாத் தெரியுது. எனக்கு அதுதான் பெரிய பலம்னு படுது, ஏன்னா எத்தனை பேர், யாருக்கு என்ன ஆகாதுன்னு நேத்தே சமையல்காரர் காதுக்குப் போயிருது, வெளிநாட்டு ஆளுங்க நிறைய வர்றதால வீகன், குளூட்டன் (கோதுமைல இருக்கற புரதம்) அப்படின்னு சொன்னா திருதிருன்னு முழிக்க மாட்டாங்க. ஆனா காசு, பதினோரு பேரைக் கூட்டிட்டுப் போற அளவுக்கு எல்லார் கையும் நீளாது. விருந்தாளிக்கு ஒரு வேளைனா சரி, மூணு நாளைக்கு முடியாது.

எனக்கு எல்லாத்தையும் விட ஒசந்ததாப் பட்டது நாலாவது வழி, சொல்லிச் செய்யுற வீட்டுச் சமையல். காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர்னு எங்க போனாலும் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பாக, பலகாரமும் சாப்பாடும் ஆர்டருக்குச் செஞ்சு கொடுக்கறவுக, போர்டு கூட இருக்காது, மளிகைக் கடைல கேட்டாத்தான் தெரியும். கடைசி நாள் அப்படி ஒரு அம்மாகிட்ட சொன்னோம். நம்ம செட்டிநாட்டுச் சைவச் சமையல்லயே இந்த நாலு பேருக்கும் ஒண்ணா ஒத்துப்போற அயிட்டம் எவ்வளவு இருக்குன்னு அன்னைக்குத்தான் உக்காந்து எண்ணிப் பாத்தேன். வெள்ளைப் பணியாரம், பச்சரிசியும் உளுந்தும்தான் (சில வீட்ல மாவுல கொஞ்சம் பால் ஊத்துவாக, வேணாம்னு சொல்லிடணும்). இடியாப்பம் அரிசி. கத்திரிக்காய் கோசமல்லி, வெண்டைக்காய் மண்டி (அரிசி கழுவுன தண்ணில வைக்கறது), வரமிளகாச் சட்னி, தேங்காயும் முந்திரியும் அரைச்சு ஊத்துன வெள்ளைக் குருமா, இது எதுலயும் பால் இல்ல, கோதுமை இல்ல, முட்டை இல்ல. பெருங்காயத்தை மட்டும் நிறுத்தச் சொன்னாப் போதும். அந்தப் பெங்களூர் பொண்ணு கோசமல்லியை மூணு தடவை கேட்டு வாங்கி சாப்பிட்டுச்சு.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு செட்டிநாட்டு அயிட்டம் எல்லாம் அரிசின்னு நம்பிராதீங்க. ரங்கூன் புட்டு ரவைல செய்யறது, பையனுக்கு ஆகவே ஆகாது. கும்மாயமும் மாவுருண்டையும் நெய்யில்லாம கிடையாது, வீகனுக்கு வெளிய. பால் பணியாரத்துல சில வீட்ல தேங்காப்பால் மட்டும், சில வீட்ல பசும்பாலும் சேர்ப்பாக, கேட்டுக்கணும். சீயத்துக்கு வீட்ல அரிசி உளுந்து மாவுல முக்குவாக, டீக்கடைல மைதா மாவு. கவுனி அரிசி (கருப்பு அரிசி) சுகருக்கு நல்லதுன்னு இப்ப எல்லாரும் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க, அரிசி நல்ல அரிசிதான், ஆனா விருந்துல வர்ற கவுனி சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டுனது, ஆத்தாவுக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல நான் வைக்கவிடல. கருப்பட்டி போட்டாலும் அது சர்க்கரைதான்.

இந்த வழில குறை ஒண்ணு, ஒரு நாள் முன்னாடி சொல்லணும், அட்வான்ஸ் கொடுக்கணும், உக்காந்து சாப்பிட இடம் நம்ம பாத்துக்கணும். வழிப்போக்கரா வர்றவுகளுக்குத் தோதுப்படாது.

போனை வச்சுத் தேடுறதைப் பத்தியும் சொல்லிடறேன். மேப்புல ஸ்டார் பாத்துப் போறது சீலியாக் பையனுக்கு எதுவுமே சொல்லாது, அந்த ஸ்டாரெல்லாம் சுக்காவுக்கு விழுந்தது. ரிவ்யூக்குள்ள 'வீகன்', 'நெய்', 'தனியா செஞ்சு'ன்னு வார்த்தை போட்டுத் தேடுனா கொஞ்சம் பிரயோஜனம் இருக்கு. ஹேப்பிகௌ ஆப் பெரிய ஊர்ல வீகனுக்கு நல்லா உதவும், நம்ம பக்கம் அதை நம்பி வர முடியாது. பில்லுல இருக்கற 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் லைசென்ஸ் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். மெனுலயே கலோரியும் அலர்ஜி விவரமும் போடணுங்கற ரூலு பத்துக் கிளையோ அதுக்கு மேலயோ உள்ள செயின் கடைகளுக்கும் சென்ட்ரல் லைசென்ஸ் உள்ள பெரிய கடைகளுக்கும்தான், மெஸ்ஸுக்குக் கிடையாது. பாக்கெட் பலகாரத்துல பச்சைப் புள்ளி இருந்தா சைவம், ஆனா பால் இருந்தாலும் அதே பச்சைதான், வீகனுக்குத் தனி முத்திரை இருக்கு. குளூட்டன் ஃப்ரீன்னு அச்சடிச்சிருந்தா ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கணும்னு சட்டம், அதை வாங்கிக் கொடுக்கலாம்.

வெளியூர்னு போனா கணக்கே மாறிருது. காசிக்குப் போனப்ப நகரத்தார் சத்திரம் இருக்கறதால அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் கவலையே இல்ல, நம்ம ஊர்ச் சாப்பாடு. பையனுக்குத்தான் பயந்தோம், தெரு முழுக்க ரொட்டியும் பூரியும் கச்சோரியும். ஆனா அங்க ஹோட்டல்ல 'வ்ரத்' தாலினு ஒண்ணு இருக்கு, நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடறது, கோதுமை கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது, குட்டு மாவு (பக்வீட், கோதுமை இல்ல), சிங்காரா மாவு (தண்ணில விளையற ஒரு காய்), ஜவ்வரிசி, இந்துப்பு. அவனுக்கு அது வரம், எண்ணெய்ச் சட்டியை மட்டும் கேட்டுக்கணும். ஆத்தாவுக்கு நேர் எதிர், உருளைக்கிழங்கும் ஜவ்வரிசியும் சுகரை எகிற வைக்கும். நெய் ஊத்துறதால வீகனுக்கும் ஆகாது.

சிங்கப்பூர்ல இன்னும் வேற மாதிரி. செராங்கூன் ரோட்டுல கோமள விலாஸ் 1947ல இருந்து இருக்கு, அப்பச்சி அதைத் தாண்டி எங்கயும் வரமாட்டேன்னுட்டாக. சீனச் சைவக் கடைகள்ல பல இடத்துல வெங்காயம் பூண்டு கூட இல்லாத பௌத்த சமையல், பெங்களூர் பொண்ணு மாதிரி ஆளுக்கு சொர்க்கம் (சில கடைல முட்டை, பால் இருக்கும், கேக்கணும்). ஆனா அங்க வாத்துக்கறி மாதிரி, கோழி மாதிரி செஞ்சு வைக்கற பல அயிட்டம் கோதுமைப் புரதத்துலயே செய்யறது, சோயா சாஸ்லயும் கோதுமை. அதாவது ஒரு கடை, ஒருத்தருக்கு அமிர்தம், பக்கத்துல உக்காந்த பையனுக்கு விசம். மலாய்க் கடைல வெறும் கீரைன்னு வாங்குனா அதுல பெலாச்சான், இறால்ல செய்யறது, அப்பச்சிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்.

விமானத்துல முழு சர்வீஸ் கம்பெனினா குறைஞ்சது 24 மணி நேரத்துக்கு முன்னாடி நமக்கு வேண்டிய சாப்பாட்டோட நாலெழுத்துக் குறியீட்டைச் சொல்லி வைக்கலாம், ஏவிஎம்எல்னா நம்ம ஊர் மாதிரி சைவம், பால் தயிர் வரும், விஜிஎம்எல்னா வீகன், டிபிஎம்எல் சுகருக்கு, ஜிஎஃப்எம்எல் குளூட்டன் இல்லாதது. முதல் ரெண்டையும் குழப்பிக்கிட்டு நெய்ச்சோறு வந்து பட்டினி கிடந்தவுகளை எனக்குத் தெரியும்.

இப்ப எங்க வீட்ல ஆச்சி மகன் பைக்குள்ள ஒரு சீட்டு இருக்கு, அப்பச்சி கையெழுத்துல, கோதுமை, மைதா, ரவை, சேமியா, பெருங்காயம், சோயா சாஸ்னு வரிசையா. குளூட்டன்ங்கற வார்த்தையே அதுல இல்ல. அதே சீட்டு ஹிந்தில ஒண்ணு, சீனத்துல ஒண்ணு. அதோட அரிசி மாவு கலந்த பெருங்காயம் ஒரு சின்ன டப்பா, அதைக் கல்லால கொடுத்தா எங்க ஊர் அக்கா அதையே போட்டு ரசம் வச்சுக் கொடுக்கறாக.

நீங்க இந்தப் பக்கம் வர்றதா இருந்தா மெஸ்ஸுக்கு மதியம் மூணரைக்கு மேல போன் பண்ணுங்க, பந்தி முடிஞ்சிருக்கும், சமைக்கறவுகளே எடுப்பாக, நாளைக்கு வர்றோம், பையனுக்கு இது ஆகாதுன்னு நிதானமாச் சொல்லலாம். பன்னண்டரைக்குப் பண்ணிராதீங்க, அப்ப யார் எடுத்தாலும் "வாங்க, எல்லாம் இருக்கு"ன்னுதான் சொல்வாக.