கூத்து வீடியோவில் தாளம் தப்புவது எதனால்? ஒரு எடிட்டிங் மென்பொருளோடு என் அனுபவம்

நான் வேலை செய்யும் வீடியோ எடிட்டிங் மென்பொருளின் வருடச் சந்தாவுக்கு இப்போது தள்ளுபடி வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும், இனிக் கூத்தும் எடுக்கப்போகிற தம்பி ஒருவர் போன் செய்து, "ண்ணா, இப்பவே வாங்கிடலாமா, இல்ல இன்னும் குறையுமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். மென்பொருளின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் சிக்கல் அது ஒன்றில் மட்டும் இருப்பதும் இல்லை. டைம்லைன் (காட்சிகளை வரிசையாக அடுக்கி வெட்டும் இடம்), கலர் (நிறத்தைச் சரிசெய்வது), எக்ஸ்போர்ட் (முடித்த வேலையை வீடியோக் கோப்பாக எடுப்பது) எல்லாம் தெரிந்தவர்களுக்கான பேச்சு இது.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் வருமானத்துக்கான வேலை. நான் உயிரைக் கொடுத்துச் செய்வது கூத்துப் பதிவு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. ஒரு ராத்திரிக் கூத்து என்றாலே பல மணி நேரக் காட்சி. களரிக்கு, அதாவது கூத்து ஆடும் இடத்துக்கு, நேர் எதிரே ஒரு கேமரா நிற்கும். பக்கவாட்டுக் கோணங்களுக்கு செல்போன்கள்தான். எடிட்டிங் மென்பொருளுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது. 4கே-யில் எடுத்து எச்.265 என்ற முறையில் சுருக்கிய கோப்பை அப்படியே டைம்லைனில் போட்டால் என் பழைய லேப்டாப் திணறும். அந்த வகைக் கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. பெரும்பாலானவற்றில் பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற தகவல்தான் இருக்கும். அதனால் ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்கக்கூட மென்பொருள் சுற்றியுள்ள ஃபிரேம்களை விரித்துக் கணக்குப் போட வேண்டும். ராம் போடு, கிராஃபிக்ஸ் கார்டு மாற்று என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அந்தச் செலவுக்கு முன்னால் ப்ராக்ஸி (வெட்டு வேலைக்கான இலகுவான நகல்) போட்டுப் பாருங்கள். சின்ன அளவில், ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருக்கும் வகையில் நகல்களை மென்பொருளே தயார் செய்து கொள்கிறது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் வெட்டு வேலை வெண்ணெயாக ஓடும். எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் கோப்பையே எடுத்துக்கொள்வதால் தரமும் குறையாது. இந்த ஒரு வசதிக்காகவே இத்தனை காலம் சந்தா கட்டினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அதைவிட மகிழ்ச்சி தந்தது, ஒலியை வைத்துப் பல கேமராக் காட்சிகளைப் பொருத்தும் வசதி. முகவீணையும் மிருதங்கமும் எல்லாக் கருவியிலும் பதிவாகியிருக்கும் அல்லவா? அந்த ஒலியலைகளை ஒப்பிட்டு நாலு கோணங்களையும் தானாக அடுக்கிவிடும். முன்பெல்லாம் கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) கைதட்டும் இடத்தைத் தேடித் தேடிக் கையால் பொருத்திய வேலை இது.

மற்ற சில்லறைத் தொந்தரவுகளுக்கு வழி இருக்கிறது. தமிழ் டைட்டிலில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால், செட்டிங்ஸில் எழுத்து அமைப்பு முறையைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றிவிட்டு யூனிகோட் எழுத்துரு போடுங்கள், சரியாகிவிடும். 'மீடியா ஆஃப்லைன்' (கோப்பைக் காணோம்) என்று சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கின் எழுத்து இ-யிலிருந்து எஃப்-க்கு மாறியிருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்குக்கு ஒரு எழுத்தை நிலையாகக் கொடுத்துவிட்டால் அப்புறம் வராது.

இப்போது என்னை இன்றுவரை ஆத்திரப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் பதினெட்டாம் போர்க் கூத்து எடுத்தோம். துரியோதனன் வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சுழன்று வந்து, காலைத் தூக்கி ஓங்கித் தரையில் வைத்து நிற்பார். சலங்கை, மிருதங்கம், கால் மூன்றும் ஒரே இடத்தில் விழ வேண்டும். நேர் கேமராவில் அப்படித்தான் விழுந்தது. பக்கவாட்டு செல்போன் காட்சிக்கு மாறினால் கால் விழுந்த பிறகு அடி கேட்கிறது. ஆரம்பத்தில் சரியாகப் பொருந்தியிருந்த அதே காட்சிதான், போகப் போக விலகியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கூத்து வாத்தியார் உடனே, "தம்பி, மிருதங்கக்காரன் அப்படி அடிக்க மாட்டானே" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த வீடியோவை வெளியூரில் பார்க்கிறவர் மென்பொருளைக் குறை சொல்ல மாட்டார், வாசித்தவருக்குத் தாளம் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்.

காரணம் இதுதான். நாம் செல்போனில் விநாடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்தாலும் பல போன்கள் அந்த வேகத்தைச் சீராகப் பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் கூடுதல் ஒளி வாங்குவதற்காக ஃபிரேமைக் குறைத்துக்கொள்கிற போன்கள் உண்டு. போன் சூடானாலும் தடுமாறும். இதை வேரியபிள் ஃபிரேம் ரேட் என்கிறார்கள். ஒலியோ விநாடிக்கு 48,000 சாம்பிள் என்று சீராகப் பதிவாகிக்கொண்டே போகும். டைம்லைன் எல்லாவற்றையும் சரியாக 30 என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? போன் உண்மையில் சராசரியாக 29.9 தான் எடுத்தது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 1,07,640 ஃபிரேம் இருக்கும். அதை 30 வீதம் ஓட்டினால் 3,588 விநாடியில் படம் முடிந்துவிடும். ஒலி 3,600 விநாடி. 12 விநாடி விலகல்! கல்யாண வீடியோவில் இது தெரியாது, அங்கே துண்டு துண்டாக வெட்டி மேலே சினிமாப் பாட்டு போட்டுவிடுகிறோம். நீளமாக ஓடும் கூத்தில், மேடைக் கச்சேரியில், பட்டிமன்றத்தில் அப்பட்டமாகத் தெரியும். மென்பொருளின் தானியங்கிப் பொருத்தமும் இங்கே கைகொடுக்காது, அது தொடக்கத்தைத்தான் பொருத்தும், நடுவில் நழுவுவதை இழுத்துப் பிடிக்காது.

மருந்து இருக்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்து ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் என்று இருந்தால் டைம்லைனுக்குக் கொண்டுபோகவே கூடாது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற, வீடியோக் கோப்புகளை மாற்றும் கருவியில் போட்டு, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' (சீரான வேகம்) தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம்தான். பக்கத்தில் பீக் என்று ஒன்று இருக்கும், அது உதவாது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். எடுக்கும்போதே கவனிக்க முடிந்தால் இன்னும் நல்லது: போனில் 25 ஃபிரேம் வசதி இருந்தால் கேமராவோடு ஒத்துப்போகும்படி அதையே வையுங்கள், ஷட்டரை 1/50 விநாடியில் பூட்டுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் களரியைச் சுற்றிக் கட்டிய டியூப்லைட் மினுக்குவதும் இதில் அடங்கிவிடும். ஐபோன் என்றால் 25 வருவதற்கு பிஏஎல் (25 ஃபிரேம் முறை) வடிவங்களைக் காட்டும்படி செட்டிங்ஸில் சொல்ல வேண்டும்.

மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும், டிஸ்க்கில் இடம் அடைக்கும். அதற்காக நான் கோபப்படவில்லை. போன் அப்படி எடுப்பதற்கு மென்பொருள் என்ன செய்யும்? என் கோபமெல்லாம் அது வாயைத் திறக்காமல் இருப்பதன் மேல்தான். கோப்பை உள்ளே வாங்கும் நேரத்திலேயே அதற்குத் தெரியும். கோப்பின் விவரப் பக்கத்தைத் தேடிப் போய்ப் பார்த்தால் வேரியபிள் என்று எழுதியும் வைத்திருக்கிறது. வெட்டி ஒட்டி எல்லாம் முடிகிற வரைக்கும் ஒரு எச்சரிக்கை கிடையாது. ஷாட்கட் என்ற மென்பொருள் முழுக்க இலவசம். அதில் இப்படி ஒரு கோப்பைத் திறந்த உடனேயே, இதன் ஃபிரேம் ரேட் நிலையாக இல்லை, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தரட்டுமா என்று அதுவே கேட்கிறது. கேடென்லைவும் கேட்கிறது, அதுவும் இலவசம். காசே வாங்காதவர்கள் செய்கிற இந்த மரியாதையை மாதாமாதம் காசு வாங்குகிறவர்கள் ஏன் செய்யக்கூடாது? உதவி மையத்துக்கு எழுதினேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள், கேஷை (மென்பொருள் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழிக்கச் சொன்னார்கள். கேஷை அழிப்பது நல்ல பழக்கம்தான், படம் திக்கினால், பழைய ப்ரிவ்யூ மாட்டிக்கொண்டால் உதவும். தாளத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஷாட்கட்டில் வேலை இவ்வளவு வேகமாக ஓடாது. நாலு கோணத்தையும் ஒரே திரையில் பார்த்து மாற்றி மாற்றி வெட்டும் சுகம் சந்தா மென்பொருளில்தான் எனக்குக் கிடைத்தது. கலர் வேலையிலும் அதுவே மேல். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதற்குத்தான் மதிப்பெண் அதிகம் வரும்.

இருந்தும், தம்பி, வேண்டாம் என்றுதான் சொல்வேன். விலை இன்னும் பாதியானாலும் வேண்டாம். கேமராக் கோப்புகளை மட்டும் வைத்துக் கல்யாண வேலை செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், அவர்களுக்கு இந்தச் சிக்கலே வராது. கூத்து எடுக்கப் போகிறேன் என்று நீயே சொன்னாய், உன்னிடம் இருப்பதும் போன்கள்தான். கேடென்லைவில் ஆரம்பி. நானும் இந்தமுறை சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. சந்தா முடிந்தால் பழைய ப்ராஜெக்ட்களைத் திறக்க முடியாது என்பதால், இருக்கிற கூத்துப் பதிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக முழுத் தரத்தில் எக்ஸ்போர்ட் செய்து இரண்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பென்னாகரத்துக் கூத்தின் செல்போன் காட்சிகளை மட்டும் ஹேண்ட்பிரேக்கில் மாற்றி மறுபடி முதலிலிருந்து வெட்டி, அதைக் கடைசியில் எக்ஸ்போர்ட் செய்வேன்.