14 லட்சம் போச்சு: சுவரில மாட்டின சான்றிதழை நம்பாதீங்கோ

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுறன். போன வெள்ளிக்கிழமையோட எங்கட 14 லட்சம் ரூபா போச்சு. அப்பா சீனக்குடாவில ஆலையில 31 வருஷம் வேலை செய்து எடுத்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு.

திருகோணமலை டவுனில, பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருந்த ஒரு நிதிக் கம்பனி. சட்டத்தரணி சொன்னதால பெயர் போடேல்ல. வங்கிகள் ஒற்றை இலக்க வட்டி தாற நேரம் இவங்கள் 18 வீதம் எண்டாங்கள். அப்பா தயங்கினவர். மேசைக்கு அங்கால இருந்த பிள்ளை எழும்பி, சுவரில இருந்த சான்றிதழைக் கழட்டி அப்பாவின்ட கையிலயே தந்தது. "ஐயா, அரசாங்கப் பதிவு. வடிவாப் பாருங்கோ." முத்திரை, இலக்கம் எல்லாம் இருந்தது. பக்கத்தில திறப்பு விழாப் படம், ரிப்பன் வெட்டுறது ஒரு அரசியல்வாதி. அப்பா கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினன்.

அந்தச் சான்றிதழ் பொய்யில்லை. ஆனா அது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தில பதிஞ்ச கடுதாசி மட்டும்தான். பேக்கரி நடத்துற கம்பனிக்கும் அதே கடுதாசிதான். சனத்திட்ட வைப்பு வாங்கிறதெண்டா 2011ஆம் ஆண்டு 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி மத்திய வங்கியின்ட லைசன்ஸ் வேணும். அது இருந்திருந்தா, கம்பனி விழுந்தாலும் வைப்புக் காப்புறுதியில 11 லட்சம் வரைக்கும் கிடைச்சிருக்கும். இப்ப 14 லட்சத்தில ஒரு சதமும் இல்லை.

முதிர்வு நாளண்டு போனா, "சிஸ்டம் வேலை செய்யேல்ல, திங்கள் வாங்கோ." திங்கள் போனா, "மனேஜர் கொழும்பில." அடுத்த கிழமை, "செக் தபாலில வருது ஐயா." கடைசியா அந்தப் பிள்ளை அப்பாவையே கேட்டது, "எங்களில நம்பிக்கை இல்லையோ?" அவர் வெக்கப்பட்டுத் திரும்பி வந்தவர். வெள்ளிக்கிழமை ஷட்டர் பூட்டு.

2008 கடைசியில கொழும்பில, சனத்திட்ட வைப்பு வாங்கின ஒரு கடன் அட்டைக் கம்பனி விழுந்து ஆயிரக்கணக்கான ஆக்கள் அழுதாங்கள். அதுக்குப் பிறகுதான் 2011 சட்டம். 2022இல நாடே கடன் கட்ட ஏலாமல் நிண்டது. அதுக்குப் பிறகுதான் 2023ஆம் ஆண்டு 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்து, அரசாங்கத்தின்ட ஆளான திறைசேரிச் செயலாளரை மத்திய வங்கிச் சபையில இருந்து எடுத்து, வங்கிக்குச் சுதந்திரம் குடுத்தது. நல்ல விஷயம், நான் முழுசா ஆதரிக்கிறன். ஆனா அந்தச் சுதந்திரம் கொழும்புக் கூட்ட அறையோட நிண்டா எங்களுக்கு என்ன? அரசியல்வாதியின்ட படம் தொங்குற கடைக்குள்ள, ஒருத்தரிட்டயும் கேக்காமல் நுழைஞ்சு கணக்குப் புத்தகத்தைத் தூக்கிற அதிகாரமும் ஆள்பலமும் மத்திய வங்கியின்ட மேற்பார்வைக்காரருக்கு வேணும். அதுவும் ஷட்டர் பூட்ட முதல்!

இப்போதைக்கு இதைச் செய்யுங்கோ. மத்திய வங்கி இணையத்தளத்தில லைசன்ஸ் உள்ள கம்பனிகளின்ட பட்டியல் இருக்கு, பெயரை எழுத்துக்கு எழுத்துப் பாருங்கோ. 11 லட்சத்துக்கு மேல ஒரே இடத்தில போடாதீங்கோ. ரசீதைப் படமெடுத்து வையுங்கோ.

உவர்மலை, அன்புவழிபுரம் பக்கமும் இவங்கட ஏஜண்ட்மார் வீடு வீடா வந்தவங்கள். ரசீது வச்சிருக்கிற ஆக்கள் உள்பெட்டியில எழுதுங்கோ. திங்கட்கிழமை சேர்ந்து போய் முறைப்பாடு குடுப்பம்.